வீட்டுக் குளத்தில் நீரோட்ட இயந்திரம்: அங்கே பழகிய நீச்சல் வெளியே கைகொடுக்குமா?

முதலில் நீங்கள் கேட்டதை ஒருமுறை திரும்பச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் பின்னால் 7 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் ஒரு குளம் இருக்கிறது. அதில் எதிர்நீரோட்டம் தரும் இயந்திரம் ஒன்றைப் பொருத்த நினைக்கிறீர்கள். நண்பர் வீட்டில் அப்படி ஒரு குளத்தில் நீந்திப் பார்த்தபோது திரையில் 100 மீட்டருக்கு 1:35 (ஒரு நிமிடம் 35 நொடி) என்று காட்டியிருக்கிறது. பெரிய சிரமம் இல்லாமல் இருபது நிமிடம் நீந்திவிட்டீர்கள். ஆனால் 25 மீட்டர் குளத்தில் உங்கள் வேகம் 2:05தான். அடுத்து 1,500 மீட்டர் திறந்தவெளி நீச்சலோடு ஒரு டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) வருகிறது. எந்த இயந்திரம் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் படித்த வரையில் உங்கள் உண்மையான கவலை வேறு. நின்ற இடத்தில் நீந்துகிற நீச்சல் வெளியே போனால் கைகொடுக்குமா, அல்லது ஸ்டைலும் கெட்டு, உடம்பும் களைத்ததுதான் மிச்சம் என்று ஆகிவிடுமா என்பதுதான் அது.

கைகொடுக்கும். இயந்திரம் காட்டும் எண்ணை நம்பாமல் உங்கள் கைவீச்சின் எண்ணிக்கையை வைத்துப் பயிற்சி செய்தால், நிச்சயமாகக் கைகொடுக்கும். பல வருடங்களாகப் பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லித் தருகிறேன். அவர்களில் வீட்டில் இந்த இயந்திரம் வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்களில் முன்னேறியவர்களுக்கும் முன்னேறாதவர்களுக்கும் இருந்த வித்தியாசம், நான் பார்த்தவரை, இயந்திரத்தின் விலையில் இல்லை. எதை அளந்தார்கள் என்பதில்தான் இருந்தது.

அந்த 1:35 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 100 மீட்டருக்கு 2:05 என்றால் நொடிக்கு 0.8 மீட்டர். 1:35 என்றால் நொடிக்கு 1.05 மீட்டர். பார்வைக்குச் சின்ன வித்தியாசம். ஆனால் தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். அதை மீறி முன்னேற உடம்பு தரவேண்டிய சக்தி ஏறக்குறைய வேகத்தின் கனத்தை (மூன்றாம் அடுக்கை) ஒட்டி ஏறும். இந்த இரண்டு வேகங்களின் விகிதம் 1.3க்குச் சற்று மேல்; அதன் கனம் 2.3 அளவில் வருகிறது. அதாவது திரை சொன்னது உண்மையாக இருந்தால், வழக்கமாகத் தருவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான சக்தியை இருபது நிமிடம் சிரமமில்லாமல் தந்திருக்கிறீர்கள். அது நடக்காத காரியம். நீங்கள் நீந்தியது உண்மை, எண்தான் தப்பு.

பெரும்பாலான இயந்திரங்கள் திரையில் காட்டுவது மோட்டார் சுழலும் வேகத்திலிருந்து போட்ட கணக்கு. உங்கள் தோளுக்கு முன்னால் தண்ணீர் என்ன வேகத்தில் வருகிறது என்பதை யாரும் அங்கே அளப்பதில்லை. இயந்திரத்தின் வாயிலிருந்து வெளியே வந்த நீரோட்டம் பக்கத்திலிருக்கும் அசையாத தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அப்படிப் போகப் போக அது அகலமாகும், வேகம் குறையும். அரை மீட்டர் பின்னால் தள்ளி நீந்தினாலே வேறு வேகம். நடுக்கோட்டிலிருந்து ஒரு சாண் விலகினால் இன்னும் குறைவு. ஆழத்திலும் அதே கதைதான். இதில் நீச்சல்காரர்கள் கவனிக்கவேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. உடம்பு மேல்மட்டத்தில் வேகமான நீரில் கிடக்கிறது. ஆனால் தண்ணீரைப் பிடித்துப் பின்னால் தள்ளும் கை அரை மீட்டர் ஆழத்துக்குப் போகிறது. அங்கே ஓட்டம் மெதுவாக இருந்தால், கைக்குக் கிடைக்கிற பிடி வழக்கத்தைவிடக் கெட்டியாக இருக்கும். நிஜக் குளத்தில் அப்படி ஒரு சலுகை கிடையாது. நண்பர் வீட்டில் கை நன்றாகப் பிடிக்கிறது என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், காரணம் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி மூடுங்கள். மேலே கொஞ்சம் மட்டும் தெரிந்து, மீதி அமுங்கி மிதக்கும். குளத்தின் ஓரத்தில் 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு அடையாளம் வையுங்கள். நீங்கள் நீந்துகிற இடத்தில், முதல் அடையாளத்துக்கு முன்னாலேயே பாட்டிலை விட்டு, இரண்டு அடையாளத்துக்கும் நடுவே எத்தனை நொடி எடுக்கிறது என்று பாருங்கள். 2 நொடி என்றால் நொடிக்கு 1 மீட்டர், அதாவது 100 மீட்டருக்கு 1:40. இரண்டரை நொடி என்றால் உங்கள் 2:05. பல தடவை விட்டுச் சராசரி எடுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வராது. அப்புறம் நடுவிலிருந்து ஒரு முழம் தள்ளி விட்டுப் பாருங்கள். நடுவில் ஒரு வேகமும் ஓரத்தில் பாதி வேகமும் வந்தால், அந்த இயந்திரத்தின் ஓட்டம் குறுகியது என்று அர்த்தம். இது மேல்மட்ட வேகத்தை மட்டுமே சொல்லும், ஆழத்தைச் சொல்லாது. அப்படியும் விற்பனையாளரின் விளக்கத்தைவிட இந்தப் பாட்டில் அதிகம் சொல்லும்.

வாங்குவது பற்றி. சந்தையில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று ஜெட்: பம்பு தண்ணீரை உறிஞ்சி, சின்ன வாய் வழியாகப் பீய்ச்சும், பெரும்பாலும் காற்றையும் கலந்து. இன்னொன்று புரொப்பல்லர்: பெரிய விசிறி போன்ற சுழலி நிறைய தண்ணீரை மெதுவாகத் தள்ளும், அதன் முன்னால் இருக்கும் தடுப்பு சுழலை ஒழுங்குபடுத்தி அனுப்பும். விளம்பரத்தில் வேகத்தைப் பெரிதாகப் போடுவார்கள். நீங்கள் பார்க்கவேண்டியது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்பதை. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். நிமிடத்துக்கு 18,000 லிட்டர் தள்ளும் இயந்திரம் நொடிக்கு 300 லிட்டர், அதாவது 0.3 கன மீட்டர் தள்ளுகிறது. அதை நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் ஓடவிட்டால் 0.25 சதுர மீட்டர் பரப்பைத்தான் நிரப்பும்; அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம். ஒருவரின் தோள் அகலத்துக்கும் கையின் ஆழத்துக்கும் அது மட்டுமட்டாகத்தான் போதும். நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டர் அளவில் தள்ளுகிற ஜெட் பம்பு, வழியில் எவ்வளவு தண்ணீரைச் சேர்த்து இழுத்தாலும், இந்த ஒழுங்கான அகலத்தைத் தர வழியில்லை. தலையில் பலமாக அடிக்கும், தோளுக்கு வெளியே தளர்ந்துவிடும். காற்றுக் குமிழி நிறைந்த நீரில் கைக்குப் பிடியும் குறைவு, மூச்செடுக்கும்போது வாயில் தண்ணீரும் ஏறும். உடற்பயிற்சிக்கும் குழந்தைகள் விளையாடவும் ஜெட் போதும். 1,500 மீட்டருக்குத் தயாராக விரும்பும் உங்களுக்கு புரொப்பல்லர் வகையைத்தான் சொல்வேன். அதற்குக் கைக்கு எட்டாத விலை என்றால், மட்டமான ஜெட்டில் பணத்தைப் போடுவதைவிட இடுப்பில் கட்டும் ரப்பர் கயிற்றோடு தொடங்குங்கள். கயிற்றில் நீந்தும்போது தண்ணீர் உடம்பைக் கடந்து ஓடாது, அதனால் கால் தாழ்வது எவ்வளவு தடுக்கிறது என்று உணரமுடியாது. கயிற்றை உயரமான கம்பத்தில் கட்டினால் காலில் உரசாமல் இருக்கும். மூச்சுக்கும் தோளுக்கும் அது நல்ல பயிற்சிதான்.

7 மீட்டர் நீளம் இதற்குத் தாராளம். குளம் குட்டையாக இருந்தால் ஓட்டம் பின்சுவரில் மோதித் திரும்பி அலையடிக்கும். உங்களுக்கு அந்தத் தொல்லை குறைவாகவே இருக்கும்.

சரி, எண்ணை நம்பக்கூடாது என்றால் எதை நம்புவது? கைவீச்சை. முதலில் 25 மீட்டர் குளத்துக்குப் போய் இரண்டு சோதனை செய்யுங்கள்: 400 மீட்டர் முழு முயற்சியில், நன்றாக ஓய்வெடுத்துவிட்டு 200 மீட்டர் முழு முயற்சியில். 400க்கு 8:20, 200க்கு 4:00 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 400 நேரத்திலிருந்து 200 நேரத்தைக் கழித்தால் 260 நொடி. 200 மீட்டரை 260ஆல் வகுத்தால் நொடிக்கு 0.77 மீட்டர், அதாவது 100 மீட்டருக்கு 2:10. இது ஏறக்குறைய நீங்கள் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகத்தின் விளிம்பு. இப்போது அந்த 2:10 வேகத்தில் நீந்திக்கொண்டே, யாரையாவது கரையில் நின்று 30 நொடியில் எத்தனை கை தண்ணீரில் விழுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். 27 என்றால் நிமிடத்துக்கு 54. இந்த எண்தான் நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகவேண்டியது.

வீட்டில் இயந்திரத்தை மெதுவாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். நிமிடத்துக்கு 54 வீச்சில், அதே அளவு மூச்சிரைப்பில், முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் ஒரே இடத்தில் நிற்கிற அளவு எதுவோ, அதுதான் உங்கள் 2:10. திரையில் அது 1:40 என்று காட்டினாலும், வெறும் 23 என்று காட்டினாலும் ஒன்றுதான். அது ஒரு பெயர் மட்டும். தொப்பிக்குள் வைக்கிற சின்ன பீப் கருவி இருந்தால் தாளம் பிடிக்கச் சுலபம். கைக்கடிகாரத்தை நம்பிவிடாதீர்கள். குளத்தில் அது நீங்கள் சுவரில் திரும்புவதை வைத்துத் தூரம் கணக்கிடுகிறது. திருப்பமே இல்லாத இடத்தில் அதற்குத் தூரம் தெரியாது. நேரம், இயந்திரத்தின் அளவு எண், வீச்சு எண்ணிக்கை, மூச்சு எப்படி இருந்தது, இந்த நாலையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

இனி திருப்பங்கள். பலர் கவனிக்காத கணக்கு இது. 25 மீட்டர் குளத்தில் 1,500 மீட்டருக்கு 60 நீளம். ஒவ்வொரு முறை சுவரை உதைத்துப் புறப்படும்போதும் 5 மீட்டர் கை வீசாமல் வழுக்கிக்கொண்டு போவதாக வைத்தால், மொத்தம் 300 மீட்டர், ஐந்தில் ஒரு பங்கு, தோளுக்கு ஓய்வு. நீரோட்டத்தில் அந்த ஓய்வு கிடையாது. அதனால்தான் சரியான அளவில் வைத்து நீந்தினால் வீட்டில் 20 நிமிடம் குளத்து 20 நிமிடத்தைவிடக் கனமாக இருக்கும். உங்களுக்கு இது லாபம், ஏனென்றால் கடலிலும் ஏரியிலும் சுவர் இல்லை. குளப் போட்டிக்குத் தயாராகிறவருக்கு இதே விஷயம் நஷ்டம். திருப்பமும் சுவரை உதைத்துக் கிளம்புவதும் அவருக்கு நேரத்தைக் கொடுக்கும் இடங்கள், அவற்றை இங்கே பழக முடியாது.

நீச்சலின் ஸ்டைல் கெடுமா என்று கேட்டிருந்தீர்கள். இதில் உறுதியாகத் தெரிந்ததையும் தெளிவில்லாததையும் பிரித்துச் சொல்லவேண்டும். உறுதியானது: எதிரே தண்ணீர் வருகிறது என்றதும் பெரும்பாலானோர் தலையைத் தூக்கி இயந்திரத்தைப் பார்ப்பார்கள். தலை ஏறினால் இடுப்பும் காலும் இறங்கும். இதற்கு நல்ல மருந்து, குளத்தின் தரையில் முகத்துக்கு நேர் கீழே வைக்கிற கண்ணாடி. உடையாத வகையாக, தண்ணீருக்கடியில் வைப்பதற்கென்றே செய்ததாக இருக்கட்டும். கண்ணாடியில் உங்கள் முகம் தெரிந்தால் தலை சரியாக இருக்கிறது. கை நுழையும்போது விரல்கள் மூக்கின் கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகிறதா, முழங்கை சரிகிறதா என்பதெல்லாம் அப்படியே தெரியும். கோச் கரையிலிருந்து நூறு தடவை கத்தினாலும் புரியாத விஷயம், தானே பார்த்த அன்றைக்குப் புரிந்துவிடும்; நீரோட்டக் குளத்தின் மிகப்பெரிய நன்மை என்று நான் நினைப்பது இதைத்தான். உடலியல் ஆய்வாளர்கள் 1970களின் தொடக்கத்திலேயே ஸ்வீடனில் நீரோட்டத் தொட்டியில் நீச்சல்காரர்களை ஆராய்ந்ததற்கும் காரணம், ஆள் ஒரே இடத்தில் இருக்க, அருகிலிருந்து பார்க்கவும் மூச்சை அளக்கவும் முடியும் என்பதே.

தெளிவில்லாதது: ஓட்டத்தின் ஏற்றத்தாழ்வால் கையின் தாளத்தில் வருகிற மாற்றம் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளுமா என்பது. இது ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. வாரம் ஒருமுறையாவது நிஜக் குளத்தில் நீந்துகிறவர்களிடம் நான் அதைப் பார்த்ததில்லை. மாதக்கணக்கில் வீட்டை விட்டு வெளியே வராதவர்கள் சிலர், முதல் நாள் குளத்தில் இறங்கியதும் தண்ணீர் கையில் நிற்கவில்லை என்று குழம்பியிருக்கிறார்கள். சில நாளில் சரியாகிவிட்டது. எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும் என்று உத்தரவாதம் தரமாட்டேன். அதனால் உங்கள் 25 மீட்டர் குளம் எவ்வளவு தூரமாக இருந்தாலும் வாரம் ஒருமுறை, முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அங்கே போங்கள். அன்றைக்குக் கடுமையாக நீந்தவேண்டாம். ஒரு நீளத்துக்கு எத்தனை வீச்சு என்று எண்ணுங்கள். ஒரு வீச்சுக்கு எவ்வளவு தூரம் போகிறோம் என்பதை நீரோட்டம் காட்டவே காட்டாது.

ஃப்ரீஸ்டைலைத் தவிர மற்றவை இங்கே சுமார்தான். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் ஏறி இறங்கும், ஓட்டமோ சீராக வரும். அதனால் முன்னும் பின்னும் ஊசலாடுவீர்கள். பேக் ஸ்ட்ரோக்கில் நேராக நிற்பதே பாடு.

பயிற்சியைப் பொறுத்தவரை முதல் இரண்டு வாரம் 10, 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சுவர் தருகிற ஓய்வு இல்லாததால் தோள்தான் முதலில் முறையிடும். அப்புறம் உங்கள் 54 வீச்சு அளவில் 4 நிமிடம் நீந்தி, 30 நொடி ஓரமாக நின்று, இப்படி ஐந்து முறை. அது பழகியதும் 8 நிமிடம் மூன்று முறை, பிறகு 15 நிமிடம் இரண்டு முறை. 1,500 மீட்டர் உங்கள் வேகத்தில் அரை மணிக்குச் சற்று மேல், ஆகவே இடைவிடாமல் 35 நிமிடம் நீந்த முடிந்தால் தூரத்துக்குத் தயார். வாரத்தில் ஒருநாள் மட்டும் அளவைச் சற்று ஏற்றி ஒரு நிமிட வேக நீச்சல், ஒரு நிமிட ஓய்வு. எதிர்ச்சுவரில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு டேப் ஒட்டி, பத்து வீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி அதைப் பாருங்கள். திறந்த நீரில் மிதவையைத் தேடுவதற்கு இதுவே பயிற்சி. சிலருக்குத் தரை நகராமல் தண்ணீர் மட்டும் ஓடுவதால் தலைசுற்றும். அளவைக் குறைத்துச் சின்னச் சின்னதாக நீந்தினால் பெரும்பாலும் பழகிவிடும். தோளில் இரவிலும் வலி இருந்தால் நீந்துவதை நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். எழுத்தில் படித்து என்னால் சொல்லக்கூடியது அதுவல்ல.

தண்ணீரின் சூடு 26 முதல் 28 டிகிரி இருக்கட்டும். ஸ்விம் ஸ்பா (வெதுவெதுப்பான நீரோட்டத் தொட்டி) போல 32க்கு ஏற்றிக் கடுமையாக நீந்தினால் உடம்பின் சூடு எளிதில் வெளியேறாது. தண்ணீருக்குள்ளும் வியர்க்கும், ஆகவே கரையில் குடிக்கத் தண்ணீர் வையுங்கள். குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், பி.ஹெச். 7.2 முதல் 7.8. நீரோட்டம் தண்ணீரைக் கலக்கும்போது அதில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், பி.ஹெச். மெல்ல ஏறும், பழைய வழக்கத்தைவிட அடிக்கடி சோதிக்கவேண்டி வரும்.

மின் இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். தனி இணைப்பு, 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் கசிவு பிரேக்கர், தண்ணீரிலிருந்தே எட்டுகிற அவசர நிறுத்தப் பொத்தான், இந்த மூன்றும் இருக்கிறதா என்று மட்டும் நீங்கள் பாருங்கள். தண்ணீரை உறிஞ்சும் வாயின் மூடி உடைந்திருந்தால் அன்றைக்கு இயந்திரத்தைப் போடவே கூடாது. முடி சிக்கினால் நல்ல நீச்சல்காரராலும் விடுவித்துக்கொள்ள முடியாது. நீளமான முடியைத் தொப்பிக்குள் கட்டுங்கள். மூச்சை அடக்கும் பயிற்சி தனியாக வேண்டவே வேண்டாம், வேகமாக மூச்சிழுத்துவிட்டு முங்குவதும் வேண்டாம்; முன்னறிவிப்பே இல்லாமல் நினைவு தப்பும், இடுப்பளவு தண்ணீரிலும் உயிர் போகும். நீங்கள் நீந்தும்போது வீட்டில் ஒருவர் உங்களைப் பார்க்கும் தூரத்தில் இருக்கட்டும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் குளத்தைச் சுற்றிலும் தானாக மூடிக்கொள்ளும் கதவோடு வேலி போட்டுவிட்டு அப்புறம் இயந்திரத்துக்குப் பணம் கொடுங்கள்.

வாங்குவதற்கு முன் நண்பர் வீட்டுக்கு இன்னொரு முறை போங்கள், பாட்டிலோடு. அதற்கு முன்பே 400, 200 சோதனையை முடித்து, வீச்சு எண்ணிக்கையும் எடுத்திருந்தால் நல்லது. அந்த வீச்சில் அவர் குளத்தில் ஒரே இடத்தில் நிற்கும்போது திரை என்ன காட்டுகிறது, பாட்டில் 2 மீட்டரை எத்தனை நொடியில் கடக்கிறது, ஓரத்தில் எத்தனை நொடி என்று மூன்றையும் இங்கேயே எழுதுங்கள். அந்த ஓட்டம் உங்கள் 1,500 மீட்டருக்குப் போதுமான அகலம் உள்ளதா என்று பார்த்துச் சொல்கிறேன்.